தொடுதிரையில் கணினி போல வேலை செய்ய முதலில் என்ன வேண்டும்?

கேள்வி: டேப்லெட்டிலோ செல்போனிலோ கம்ப்யூட்டரில் செய்வது போலவே வேலை பார்க்க முடியுமா? கீபோர்டும் மவுஸும் வாங்கி இணைத்தால் போதுமா?

முடியும். எழுதுவது, மெய்ப்பு பார்ப்பது, சின்னச் சின்ன கணக்குத் தாள்கள் என என் வேலையில் பெரும்பகுதி டேப்லெட்டில்தான் நடக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்கும் பலரும் பெரிய மானிட்டரில் இணைப்பதைப் பற்றியே முதலில் யோசிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். தொடுதிரையில் நேரம் போவது எழுதியதைத் திருத்தும்போது. அந்த இடத்தைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது.

தட்டச்சு வேகம் பலர் நினைக்கும் அளவுக்கு மோசமில்லை. ஆல்டோ, கேம்பிரிட்ஜ், ஈடிஎச் சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 37,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. இரண்டு கட்டைவிரல்களால் போனில் ஆங்கிலம் தட்டுபவர்கள் சராசரியாக நிமிடத்துக்கு சுமார் 38 சொற்கள் அடித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வந்த கணினி கீபோர்டு ஆய்வில் சராசரி சுமார் 52. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் வேலையே ஓடாது என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

இப்போது, எழுதி முடித்த மூன்றாம் பத்தியில் இரண்டு சொற்களை எடுத்து அடுத்த வரிக்கு மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் கன்ட்ரோலும் ஷிஃப்டும் அம்புக்குறியும் சேர்த்து நாலு தட்டு, கட், பேஸ்ட், முடிந்தது. தொடுதிரையில் விரலே எழுத்தை மறைக்கிறது. கர்சர் சொல்லின் நடுவில் நிற்க மறுக்கிறது. தேர்வு செய்த பகுதியின் இரு முனையிலும் உள்ள பிடிகளை இழுத்தால் ஒரு எழுத்து கூடுகிறது, ஒரு எழுத்து குறைகிறது. பட்டன்கள் குறைந்தது 44 பாயின்ட் அகலமாவது இருக்க வேண்டும் என்று ஆப்பிளும், 48 டிபி என்று கூகுளும் வடிவமைப்பாளர்களுக்குச் சொல்கின்றன (பாயின்ட், டிபி இரண்டும் திரையில் நீள அகலம் அளக்கும் அலகுகள்). சாதாரண அளவில் ஒரு எழுத்து இதில் சிறு பங்குதான், அதை விரலால் குறிபார்ப்பது இயல்பிலேயே கடினம்.

இன்னொரு காரணமும் உண்டு. மவுஸுக்கு இரண்டு நிலைகள் இருக்கின்றன: அழுத்தாமல் சும்மா நகர்த்துவது ஒன்று, அழுத்தியபடி இழுப்பது இன்னொன்று. கணினி ஆய்வாளர் பில் பக்ஸ்டன் 1990லேயே, கருவி எட்டாமல் விலகியிருக்கும் நிலையையும் சேர்த்து, இதை மூன்று நிலை மாதிரியாக எழுதினார். விரலுக்கு அந்தச் சும்மா நகர்த்தும் நிலை கிடையாது, தொட்டாலே செயல்தான். அதனால்தான் மவுஸை மேலே கொண்டுபோனாலே விரியும் மெனுக்கள் போனில் தடுமாறுகின்றன. ரைட் கிளிக்கும் ஏறக்குறைய அரை நொடி அழுத்திப் பிடிப்பதாக மாறிவிட்டது. ஒருமுறைக்கு அது ஒன்றுமில்லை. ஒரு நாளில் நூறு முறை என்றால் பொறுமை போய்விடும்.

எனவே எதையும் வாங்குவதற்கு முன், திரையில் ஏற்கெனவே இருக்கும் கீபோர்டை முழுசாகப் பயன்படுத்துங்கள். ஐபோனில் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் கீபோர்டு முழுவதும் ட்ராக்பேடாகி, கர்சரை நினைத்த இடத்துக்கு நகர்த்தலாம். ஐபேடில் இரண்டு விரல்களைக் கீபோர்டு மேல் வைத்து நகர்த்தினால் போதும். ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்டு கீபோர்டு வைத்திருப்பவர்கள் ஸ்பேஸ் பார் மேல் விரலை இடவலமாக இழுக்கலாம். அதே ஜிபோர்டின் கருவிப் பட்டியில் உரை திருத்தும் பலகை ஒன்று இருக்கிறது, அதில் அம்புக்குறிகள், தேர்வு, காப்பி, பேஸ்ட் எல்லாம் பெரிய பட்டன்களாக வரும். இதைத் தெரியாமலே வருடக்கணக்கில் போன் பயன்படுத்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஐபோனிலும் ஐபேடிலும் மூன்று விரலால் இடப்பக்கம் தள்ளினால் அன்டூ, அதாவது கடைசியாகச் செய்தது ரத்தாகும். 2019 முதல் இந்த வசதி இருக்கிறது.

அடுத்து ப்ளூடூத் கீபோர்டு. அதன் பெரிய லாபம் ஷார்ட்கட்டுகள். திரையில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த கீபோர்டும் மறைந்து, எழுதியது முழுவதும் கண்ணுக்குத் தெரியும். ஐபேடில் கமாண்ட் விசையை அழுத்திப் பிடித்தால் அந்த ஆப்பில் வேலை செய்யும் ஷார்ட்கட்டுகளின் பட்டியல் வரும். எஸ்கேப் விசை இல்லாத கீபோர்டு என்றால் கமாண்டும் முற்றுப்புள்ளியும் சேர்த்து அழுத்துங்கள், அல்லது அமைப்புகளில் கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே எச்சரிக்கை: எல்லா ஆப்பும் கீபோர்டை மதிப்பதில்லை. கன்ட்ரோல்+எஃப் (ஐபேடில் கமாண்ட்+எஃப்) தேடல் பெட்டியைத் திறக்கிறதா, டேப் விசை அடுத்த கட்டத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். இரண்டும் நடக்கவில்லை என்றால் அந்த வேலைக்கு வேறு ஆப் தேடுவது நல்லது. தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். திரைக் கீபோர்டில் பழகிய தமிழ் முறை வெளிக் கீபோர்டிலும் அப்படியே வரும் என்று நம்பிவிடாதீர்கள். வாங்குவதற்கு முன் யாரிடமாவது இரவல் வாங்கியாவது சோதித்துவிடுங்கள்.

கீபோர்டு வந்தபின் மவுஸ் அவசியமாகிவிடும் என்பது என் அனுபவம். டேப்லெட்டை நிமிர்த்தி வைத்து, ஒவ்வொரு முறையும் கையை நீட்டித் திரையைத் தொட்டால் கொஞ்ச நேரத்திலேயே தோள் வலிக்கும். ஐபேடுக்கு மவுஸ் முதலில் 2019இல் அணுகல்தன்மை வசதிகளுக்குள் ஒன்றாகத்தான் வந்தது. 2020 மார்ச்சில் ஐபேட்ஓஎஸ் 13.4 அதை எல்லோருக்குமான முழு வசதியாக்கியது. கை நடுக்கமோ விரல் வலியோ உள்ளவர்களுக்குத் தேவைப்பட்டது மற்ற எல்லோருக்கும் உதவியிருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால், அணுகல்தன்மை அமைப்புகளை ஒருமுறை பொறுமையாகப் பார்த்துக் கொடுங்கள்.

சரி, பெரிய திரை. மோட்டோரோலா ஏட்ரிக்ஸ் 2011இல் போனை லேப்டாப் கூட்டில் சொருகும் யோசனையோடு வந்தது. 2015இல் லூமியா 950 போனில், மானிட்டரில் இணைத்துக் கணினி போலப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கன்டினியம் வந்தது. இரண்டுமே நிலைக்கவில்லை. 2017இல் வந்த, அதே மாதிரி வசதியான சாம்சங் டெக்ஸ் தாக்குப்பிடித்து நிற்கிறது. 2025இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26 அளவு மாற்றக்கூடிய ஜன்னல்களையும் மெனு பட்டியையும் கொண்டுவந்தது. எல்லாம் நல்லதுதான், ஆனால் கேபிள் வாங்குவதற்கு முன் ஒன்றை உறுதிசெய்யுங்கள்: யுஎஸ்பி-சி துளை இருப்பதாலேயே போன் படத்தை மானிட்டருக்கு அனுப்பிவிடாது. அந்தத் துளை வழியே படத்தை அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி அந்த மாடலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் வேலை என்னவென்று நீங்கள் சொல்லவில்லை. எழுத்து, மின்னஞ்சல், பாடக் குறிப்பு என்றால் மேலே சொன்ன வரிசையே போதும். விபிஏ மேக்ரோ (எக்ஸெல்லுக்குள் எழுதி வைக்கும் சிறு நிரல்) வைத்த எக்ஸெல் கோப்புகளை ஓட்ட வேண்டும் என்றால் டேப்லெட், போன் எக்ஸெல்லில் அது நடக்காது. அதற்கு ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேறொரு கணினிக்குள் நுழைவதுதான் வழி. அப்போதும் கீபோர்டையும் மவுஸையும் முதலில் இணைத்துவிட்டு உட்காருங்கள். அவை இல்லாமல் விண்டோஸின் குட்டிக் குட்டி பட்டன்களை விரலால் தொடுவது பெரிய பாடு.