கால் முறிவும் மலேரியாவும்: உகாண்டா பள்ளிக்கு எப்போது திரும்பலாம்?

கேள்வி: நான் அருட்சகோதரி, வயது 41. உகாண்டாவில் மசாகா அருகே எங்கள் சபையின் விடுதிப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். அக்டோபரில் போடா போடா எனும் வாடகை பைக்கிலிருந்து விழுந்து வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. கம்பாலாவில் எலும்புக்குள் ராடு (உலோகக் கம்பி) வைத்தார்கள். அங்கேயே ஃபால்சிபேரம் மலேரியாவும் வந்து குணமானது. இப்போது ஊரில் ஊன்றுகோலுடன் நடக்கிறேன். பிப்ரவரியில் பள்ளி திறக்கிறது, போகலாமா?

பதில்: பிப்ரவரி வேண்டாம், சகோதரி. மே கடைசியில் தொடங்கும் இரண்டாம் பருவத்துக்குப் போங்கள். ராடு வைத்த கீழ்க்கால் எலும்பு கூடுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 மாதம் ஆகும். மசாகா பக்கம் மார்ச் முதல் மே வரை மழைக்காலம். செம்மண் சேற்றில் ஊன்றுகோல் வழுக்கும், மழையை ஒட்டிக் கொசுவும் பெருகும். இரண்டாம் பருவத்துக்குப் போனால் சேறாவது ஓரளவு அடங்கியிருக்கும்.

தேதியை முடிவு செய்ய வேண்டியது எக்ஸ்ரே. முன்பக்கமும் பக்கவாட்டிலுமாக இரண்டு படம் எடுத்தால் எலும்பின் நான்கு பக்கமும் தெரியும். அவற்றில் மூன்றிலாவது புது எலும்பு முறிவைக் கடந்து பாலம் போட்டிருக்க வேண்டும். வலியில்லாமல் நடக்க முடிகிறது என்பது மட்டும் போதாது. ராடே எடையைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். எலும்பு கூடாமல் மாதக்கணக்கில் நடந்தால் ராடோ அதன் திருகோ உடையலாம்.

மலேரியா விஷயம் வேறு. ஃபால்சிபேரம் கிருமி, வைவாக்ஸ் எனும் இன்னொரு வகை மலேரியாக் கிருமியைப் போலக் கல்லீரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்துத் திரும்புவதில்லை. முழு மருந்தும் சாப்பிட்டு முடித்திருந்தால் பழையது தீர்ந்தது. ஆனால் ஒருமுறை வந்தது உங்களுக்குக் காப்பு இல்லை, அங்கே போனால் புதிதாகத் தொற்றலாம். கிளம்புமுன் ஹீமோகுளோபின் பாருங்கள். மலேரியாவும் அறுவையும் சேர்ந்து ரத்தத்தைக் குறைத்திருக்கும். அந்தச் சோர்வைக் காலின் பலவீனம் என்று நினைத்துவிடுவோம்.

இரண்டு நோய்க்கும் தனித்தனி மருத்துவர் என்பதால், ஒன்றின் மருந்து மற்றதைக் கெடுக்கும் இடங்கள் யார் கண்ணிலும் படாமல் போகும். உங்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டியவை இவைதான்.

மலேரியா வராமலிருக்க டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் தினம் ஒன்று தருவார்கள். பயணத்துக்கு 1-2 நாள் முன்பே தொடங்கி, அந்தப் பகுதியைவிட்டு வந்தபின் 4 வாரம் வரை. எலும்புக்காகச் சாப்பிடும் கால்சியம், ரத்தத்துக்கான இரும்பு மாத்திரை, பால் எல்லாமே இதை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். டாக்ஸியை இரவுச் சாப்பாட்டோடும், கால்சியத்தைக் காலையிலும், இரும்பை மதியத்திலும் வையுங்கள். டாக்ஸியை விழுங்கிய அரை மணி நேரம் படுக்காதீர்கள், உணவுக்குழாய் புண்ணாகும். வாரம் ஒருமுறை போடும் மெஃப்ளோகுயின் சுலபம்தான், ஆனால் தலைசுற்றல் தரலாம். ஊன்றுகோல்காரருக்கு அது ஆகாது.

கால்வலிக்குத் தினமும் பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் தெரியாது, மலேரியா தாமதமாகவே பிடிபடும். குளிரோ உடல்வலியோ வந்தால் மாத்திரைக்கு முன் வெப்பமானி வையுங்கள், அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். விரலில் குத்திப் பார்க்கும் துரிதப் பட்டை, மலேரியா குணமான பிறகும் சில வாரங்கள் பாசிட்டிவ் காட்டும். அப்போது நுண்ணோக்கிப் பரிசோதனைதான் நம்பகமானது. ரத்தத்தில் கிருமி இல்லாமல் காய்ச்சல் அடித்தால் காலைப் பாருங்கள்; தழும்பு சிவந்தாலோ கசிந்தாலோ ராடில் சீழ் பிடித்திருக்கலாம்.

படுக்கும்போது தலையணையில் உயர்த்திய கால் கொசுவலையைத் தொட்டால் கொசு வலை வழியாகவே கடிக்கும். வலையை மெத்தைக்கடியில் செருகி, அகலமாகக் கட்டுங்கள்.

முழந்தாளிடுவதைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த ராடை முழங்கால் முன்பக்கம் வழியாகத்தான் இறக்குவார்கள். எலும்பு கூடிய பிறகும் மண்டியிட்டால் வலிப்பது மிகச் சாதாரணம். திருப்பலியில் உட்கார்ந்தே ஜெபியுங்கள். குந்தி உட்காரும் குழிக் கழிப்பறையும் இதே தொல்லைதான். நடுவில் ஓட்டை போட்ட மர நாற்காலி ஒன்றை நீங்கள் போகுமுன்பே அங்கே செய்துவைக்கச் சொல்லுங்கள்.

வகுப்பில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து கற்பியுங்கள். முதல் இரண்டு வாரம் நாளுக்கு இரண்டு பாடவேளை, பிறகு வாரம் ஒன்று கூட்டலாம். மாலையில் கணுக்கால் வீங்கி, காலையில் வற்றாவிட்டால் கூட்டாதீர்கள். ஒற்றைக் கோல் என்றால் இடது கையில். படியேற நல்ல கால் முதலில், இறங்க அடிபட்ட கால் முதலில். கோலின் ரப்பர் அடி தேய்ந்துபோகும், நான்கு உதிரி எடுத்துச் செல்லுங்கள். போடா போடா கூடவே கூடாது. பக்கவாட்டில் உட்கார்ந்து போவது இன்னும் மோசம்.

விமானத்தில் நடைபாதை ஓரத்து இருக்கை கேளுங்கள், மணிக்கொருமுறை எழுந்து நடங்கள். சக்கர நாற்காலிக்கு 48 மணி நேரம் முன்பே சொல்லுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே மருத்துவமனை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள், இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள். ஊசி போட்ட 10 நாள் கழித்தே அது செல்லும், பிறகு ஆயுளுக்கும். சான்று தொலைந்திருந்தால் சென்னை கிண்டி கிங் நிலையத்தில் விசாரிக்கலாம்.

கம்பாலா மருத்துவமனையில் ராடின் நிறுவனம், நீளம், விட்டம் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் ராடை எடுக்க நேர்ந்தால் அந்தந்த நிறுவனத்தின் கருவி வேண்டும். தாள் இல்லாமல் அறுவை மேஜையில் தேடிக்கொண்டிருப்பார்கள்.