கோவிட் ஐ.சி.யூ.வில் இருந்து மீண்டவருக்கு மூச்சு வாங்குவது ஏன்?

"என் அப்பாவுக்கு வயது 61. கோவிட் முற்றி வென்டிலேட்டர் வரை போய் மீண்டவர். நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு இருப்பதாகச் சொல்லி, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து நான்கு மாதமாகியும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டி-டைமர் நார்மல் என்று வந்துவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா? நுரையீரல் பழையபடி ஆகுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். உறைந்த ரத்தம் கரையும்போது உண்டாகும் புரதத் துணுக்குதான் டி-டைமர். மாத்திரை சாப்பிடும்போது அது குறைவாக வருவது இயல்பு. பழைய கட்டு முழுதும் கரைந்துவிட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நுரையீரலில் ரத்தக்கட்டு உறுதியானவர்களுக்குக் குறைந்தது 3 மாதம் இந்த மாத்திரை தேவை. அப்பாவுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது, சரி. ஆனால் மூச்சு வாங்குவதற்குக் காரணம் தெரியாமல் நிறுத்தக் கூடாது.

கோவிட் கிருமி நுரையீரலின் காற்றுப்பைகளைத் தாக்கும்போது கிளம்பும் அழற்சி, அவற்றைச் சுற்றியுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களுக்கும் பரவுகிறது. ரத்தம் உறையாமல் ஓடக் காவலாக இருப்பது அந்தக் குழாய்களின் உட்சுவர்தான். அது சிதைந்தால் ரத்தம் அங்கேயே உறையும். கோவிடால் இறந்தவர்களின் நுரையீரலையும் இன்ஃப்ளூயன்சாவால் இறந்தவர்களின் நுரையீரலையும் ஒப்பிட்டு 2020இல் ஓர் ஆய்வு வந்தது. சில உடல்களை மட்டுமே பார்த்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் நுண்குழாய்க் கட்டுகள் கோவிடில் 9 மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. இது போக, நாள்கணக்கில் அசையாமல் படுத்திருப்பதால் கால் சிரைகளிலும் கட்டு உருவாகி நுரையீரலுக்குப் போய் அடைக்கும்.

அதாவது சில இடங்களில் காற்று வந்தும் ரத்தம் வராது. சில இடங்களில் ரத்தம் வந்தும், நீர் கோத்த காற்றுப்பைக்குள் காற்று புகாது. இரண்டும் சேர்ந்ததால்தான் பலருக்கு வென்டிலேட்டர் வைத்த பிறகும் ஆக்சிஜன் ஏறவில்லை.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி மருந்து ஹெப்பாரின். 'அதைக் கூடுதலாகப் போட்டிருக்கலாமோ' என்று குடும்பத்தார் பலர் இன்றும் மனம் வருந்துகிறார்கள். அந்த வருத்தம் வேண்டாம். கட்டு இருப்பது உறுதியானவர்களுக்கு முழு அளவு ஹெப்பாரின்தான் சிகிச்சை. மற்றவர்களுக்கும் முன்கூட்டியே முழு அளவு கொடுத்தால் பலன் உண்டா என்று சோதித்த பெரிய ஆய்வுகளின் முடிவு 2021இல் வெளிவந்தது. வார்டில் இருந்தவர்களுக்கு அது உதவியது, ஐ.சி.யூ. நிலைக்குப் போய்விட்டவர்களுக்கு உயிர் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டவில்லை.

இனி உங்கள் அப்பாவின் மூச்சிரைப்பு. மூன்று காரணங்கள் இருக்கலாம். ஐ.சி.யூ. வாசத்தில் தசைகள் கரைந்தது ஒன்று; நடைப்பயிற்சியும் பிசியோதெரபியும் நன்றாகவே உதவும். நுரையீரலில் விழுந்த தழும்பு இன்னொன்று. ஸ்கேனில் தெரியும் வெண்மை பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மறைகிறது. சிலருக்கு ஓரளவு தங்கிவிடுகிறது. நுரையீரலை நுணுக்கமாகப் படமெடுக்கும் எச்.ஆர்.சி.டி. ஸ்கேனும் நுரையீரல் செயல்திறன் சோதனையும் இதைக் காட்டும்.

மூன்றாவதுதான் எளிதில் தவறவிடப்படுவது. கரையாத கட்டு தழும்பாக ஒட்டிக்கொண்டு நுரையீரல் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடலாம். இது அரிதுதான், ஆனால் 'கோவிட் பலவீனம்' என்று விட்டுவிட்டால் இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்துபோகும். 3 மாதம் மருந்து சாப்பிட்ட பிறகும் மூச்சு வாங்கினால் எக்கோவும் (இதய ஸ்கேன்), தேவைப்பட்டால் நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கெங்கே போகின்றன என்று காட்டும் வி-கியூ ஸ்கேனும் எடுக்க வேண்டும். இந்த நோய் என்று தெரிந்தால், தகுந்தவர்களுக்குக் கட்டை அகற்ற அறுவை சிகிச்சையே இருக்கிறது. எக்கோ எடுத்தாயிற்றா என்று இந்த வாரமே மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம், மாத்திரை சாப்பிடும்வரை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். மலம் கறுத்துப் போனாலோ தலையில் அடிபட்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். திடீர் நெஞ்சுவலி, மயக்கம், இருமலில் ரத்தம், ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சிரைப்பு சட்டென்று கூடுவது, இவற்றில் எது வந்தாலும் அப்படித்தான். எந்த மாத்திரை, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதை அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.