அப்பாவின் கையில் டிஞ்சர்: பால்ட்வின் கட்டுரைகள் பற்றிக் கேள்வி பதில்

பெரம்பூரில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டம் இந்த மாதம் எடுத்துக்கொண்ட நூல், அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினின் 'நோட்ஸ் ஆஃப் எ நேட்டிவ் சன்' (1955). வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

தண்டையார்பேட்டை வாசகர்: டீச்சர், முதல் கட்டுரையிலேயே நின்றுவிட்டேன். அதில் பேசும் நாவலை நான் படித்ததில்லை.

முன்பகுதி முழுக்க நாவல், சினிமா விமர்சனம். அது பிறகு இருக்கட்டும். பத்துக் கட்டுரைகளில் நூலின் பெயரைத் தாங்கியதை முதலில் படியுங்கள்.

வியாசர்பாடி வாசகர்: படித்தேன் டீச்சர். அப்பாவின் சாவைப் பற்றித்தானே இருக்கிறது, அரசியல் எங்கே?

தம்பி, தேதிகளைப் பாருங்கள். 1943 ஜூலை 29 அன்று அப்பா இறக்கிறார். அதே நாளில் அவருடைய கடைசிக் குழந்தை பிறக்கிறது. இறுதிச் சடங்கன்று பால்ட்வினுக்கு 19 வயது நிறைகிறது. அந்த நாட்களில்தான் ஒரு கறுப்பினச் சிப்பாயை வெள்ளைப் போலீஸ்காரர் சுட, நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெம் பகுதியில் கலவரம் மூள்கிறது. நொறுங்கிக் கிடக்கும் கடைக் கண்ணாடிகளுக்கு நடுவே அப்பாவைக் கல்லறைக்குக் கொண்டுபோகிறார்கள். வெள்ளையர்மீது கொண்ட கசப்பிலேயே வெந்தவர் அவர். மகன் அவரை வெறுத்தான். ஆனால் சடங்கில் யாரோ அப்பாவுக்குப் பிடித்த பாட்டைப் பாட, முழங்கால் சிராய்த்த அன்று அழுகையை ஆற்றி எரியும் டிஞ்சரைத் தடவிய அவர் முகம் நினைவுக்கு வருகிறது. மில் மூடியபின் என் அப்பா வீட்டில் பேசியதெல்லாம் அதட்டல்தான். அந்தப் பக்கத்தை என்னால் ஒரே மூச்சில் கடக்க முடிவதில்லை.

ராயபுரம் வாசகி: வேலைக்கான நேர்காணலில் என் வடசென்னை முகவரியைக் கேட்டதும் அதிகாரியின் முகம் மாறிவிட்டது. அந்தக் கோபத்தை என்ன செய்வது?

அதே கட்டுரையில், கறுப்பருக்குப் பரிமாறுவதில்லை என்று சொன்ன பணிப்பெண்மீது பால்ட்வின் தண்ணீர்க் குவளையை வீசுகிறார். குறி தவறிக் கண்ணாடி நொறுங்குகிறது. தப்பி ஓடியபின்தான் உறைக்கிறது: தன்னைக் கொன்றிருப்பார்கள், தானும் கொல்லத் துணிந்திருந்தோம். அதற்காகப் பொறுத்துப் போ என்று அவர் சொல்லவில்லை. அநீதியை ஒருபோதும் இயல்பென்று ஏற்காதே, முழு பலத்தோடு எதிர்த்து நில், வெறுப்பை மட்டும் மனத்தில் அண்டவிடாதே என்கிறார். உங்கள் கோபம் நியாயமானது, அம்மா. அந்த முகமாற்றத்தை நாள், நேரத்தோடு எழுதி வையுங்கள்.

கொருக்குப்பேட்டை வாசகர்: அமெரிக்காவை விட்டுப் பாரிஸுக்குப் போன பால்ட்வின் அங்கே நிம்மதியாக இருந்தாரா?

இல்லை. 1949 டிசம்பரில், தெரிந்தவர் ஒருவர் ஹோட்டலிலிருந்து எடுத்துவந்த படுக்கை விரிப்புக்காக எட்டு நாள் சிறையில் இருந்தார். வழக்கைக் கேட்டு நீதிமன்றமே சிரித்தது.

எண்ணூர் வாசகி: பிளஸ் டூ படிக்கும் மகளிடம் கொடுக்கலாமா?

தாராளமாக. அப்பா கட்டுரையை மட்டும் முதலில் கொடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அவளையும் அழைத்து வாருங்கள்.