‘அட்டாக் இல்லை’ என்றார்கள், க்யூடிசி 518 என்கிறது தாள்

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதையசைடு கலந்த மாத்திரை சாப்பிடுகிறார். நான்கு நாளாக வாந்தி, வயிற்றுப்போக்கு. அசித்ரோமைசினும் ஒன்டான்செட்ரானும் கொடுத்தோம். நேற்று இரண்டு முறை கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஈசிஜி எடுத்த இடத்தில் ‘அட்டாக் இல்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். தாளில் க்யூடிசி 518 என்று இருக்கிறது. படம் இணைத்துள்ளேன். பயப்பட வேண்டுமா?

பதில்: இன்றே, மானிட்டரும் டிஃபிப்ரிலேட்டரும் (மின் அதிர்ச்சி தந்து துடிப்பைச் சீராக்கும் கருவி) உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மற்றதைப் போகிற வழியில் படித்துக்கொள்ளலாம்.

இதயத்தின் கீழறைகள் சுருங்கி, மின்னளவில் மறுபடி தயாராக ஆகும் நேரம்தான் க்யூடி. துடிப்பின் வேகத்துக்கு ஏற்ப அதைத் திருத்திய அளவு க்யூடிசி. இரண்டும் மில்லிசெகண்டில். டி அலை (ஒவ்வொரு துடிப்பின் கடைசியில் வரும் மேடு) முடியும் இடத்தை மெஷின் தவறாகப் பிடிப்பதுண்டு என்பதால் கையால் எண்ணிப் பார்த்தேன். 25 மி.மீ. வேகத்தில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட். இரண்டாம் லீடில் (ஈசிஜியின் ஒரு பதிவு) க்யூடி பதினொன்றரைக் கட்டம்: 460. ஒரு துடிப்பின் கூர்முனையான ஆர்-க்கும் அடுத்த ஆர்-க்கும் இடையே 20 கட்டம்: 0.8 விநாடி. 460-ஐ 0.8-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் க்யூடிசி ஏறத்தாழ 515. மெஷின் பொய் சொல்லவில்லை. பெண்களுக்கு 460-ஐத் தாண்டினாலே நீளம்தான். 500-க்கு மேல் ஆபத்து.

அதைவிட என்னை உறுத்துவது ஈசிஜி தாளின் கடைசி வரி. முந்திக்கொண்டு வந்த அகலமான துடிப்பு ஒன்று, பிறகு ஒரு இடைவெளி, அதற்கடுத்த துடிப்பில் டி அலை வீங்கிக் கோணியிருக்கிறது. இப்படி நீண்ட டி அலையின் வால்மீது அடுத்த துடிப்பு விழுந்தால் ‘டோர்சாட்’ என்ற ஆபத்தான துடிப்புக் கோளாறு தொடங்கலாம்: கூர்முனைகள் கோட்டைச் சுற்றி மேலும் கீழுமாக முறுக்கிக்கொண்டு ஓடும். சில விநாடியில் தானே நின்றால் கண் இருட்டலோடு போகும். நிற்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. நீர்ச்சத்து குறைந்தாலும் கண் இருட்டும்தான், ஆனால் இந்த ஈசிஜியை வைத்துக்கொண்டு அப்படி நினைத்துச் சும்மா இருக்க முடியாது.

வயிற்றுப்போக்கும் பிரஷர் மாத்திரையும் ரத்தத்தில் பொட்டாசியத்தை இறக்கும், அது குறைந்தால் க்யூடி நீளும். அசித்ரோமைசின், ஒன்டான்செட்ரான் இரண்டும் க்யூடியை நீட்டும். அந்த இரண்டையும் இனி கொடுக்காதீர்கள். வாந்திக்கு டோம்பெரிடோனும் வேண்டாம். ‘கேஸ் மாத்திரை’ பலவற்றில் அதுவும் கலந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பிரஷர் மாத்திரையைப் பற்றி அங்குள்ள மருத்துவர் முடிவு செய்வார்.

பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம் பார்ப்பார்கள். பொட்டாசியத்தை 4-க்கு மேல் ஏற்றுவார்கள். டோர்சாட் வந்தால், ரத்தத்தில் மெக்னீசியம் சரியாக இருந்தாலும் 2 கிராம் மெக்னீசியம் சல்ஃபேட் நரம்பில் ஏற்றுவார்கள்.

வழியில் மயங்கி மூச்சில்லாமல் போனால் 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள்.

உப்புகள் சரியான பிறகு ஈசிஜியைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். அப்போதும் க்யூடி நீண்டே இருந்தால் இது பிறவியிலேயே வந்ததாக இருக்கலாம். உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் ஒரு ஈசிஜி தேவைப்படும்.