பிரிந்துபோன சினிமா நடன ஜோடிகளில் உங்கள் மனதை விட்டுப் போகாத ஜோடி எது?

ஹாலிவுட்டின் ஃப்ரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ராஜர்ஸ். 1933 முதல் 1939 வரை ஆர்.கே.ஓ. நிறுவனத்துக்கு ஒன்பது படங்களில் சேர்ந்து ஆடினார்கள். பத்தாவது படம் வரப் பத்து வருடம் ஆனது.

எங்கள் ஊர் தர்மபுரி. பெரியப்பா பென்னாகரம் பக்கம் கூத்தில் பெண் வேஷம் கட்டியவர். ஒருநாள் போனில் 'ஸ்விங் டைம்' படத்தின் கடைசி ஆட்டத்தைக் காட்டினேன். "ஏன்டா, காலை மறைக்கவே இல்லையே!" என்றார் முதலில். அதுதான் அஸ்டேரின் பிடிவாதம். தலை முதல் பாதம் வரை தெரிய வேண்டும், முகத்தைக் காட்டுகிறேன் என்று ஆட்டத்தை நடுவில் வெட்டக் கூடாது. அந்த ஆட்டத்தை நாற்பது தடவைக்கு மேல் எடுத்ததில் ஜிஞ்சரின் காலில் ரத்தம் வந்துவிட்டது என்றேன். பெரியப்பா தன் குதிகாலைத் தடவிக்கொண்டே கேட்டார். விடிய விடியச் சலங்கை கட்டி ஆடிய கால்.

1939-ல் வந்த ஒன்பதாவது படம், காஸில் என்ற நிஜ நடனத் தம்பதியின் கதை. கணவர் 1918-ல் விமான விபத்தில் இறந்தவர். மனைவியின் நினைவில் இருவரும் நிழல்போல ஆடிக்கொண்டே தூரமாய்ப் போக, படம் முடிகிறது. அஸ்டேர்-ஜிஞ்சர் ஜோடிக்கும் அதுவே விடை கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. வசூல் குறைந்திருந்தது, ஜிஞ்சருக்கும் நடிப்பில் பேர் வாங்க ஆசை. அடுத்த வருடமே வந்த 'கிட்டி ஃபாயில்' படத்துக்கு ஆஸ்கரும் வாங்கினார்.

என்னை உலுக்குவது 1949-ல் வந்த பத்தாவது படம்தான். நடிகை ஜூடி கார்லண்ட் நடிக்க வேண்டியது, அவருக்கு உடம்பு முடியாமல் போகவே ஜிஞ்சரைக் கூப்பிட்டார்கள். அதில் ஒரு பழைய பாட்டு வருகிறது. 1937-ல் 'ஷல் வி டான்ஸ்' படத்தில், பனி மூடிய இரவில், படகில் வைத்து அஸ்டேர் ஜிஞ்சரிடம் பாடியது. அவர் கண் கலங்கக் கேட்டுக்கொண்டு நிற்பார். அவ்வளவுதான், இருவரும் ஆட மாட்டார்கள். இசையமைத்த ஜார்ஜ் கெர்ஷ்வின் அந்த வருடமே காலமானார். பன்னிரண்டு வருடம் கழித்து, அதே பாட்டுக்கு, வண்ணத்தில், இருவரும் ஆடினார்கள். அப்புறம் சேர்ந்து படம் பண்ணவே இல்லை.

படகுப் பாட்டையும் அந்த ஆட்டத்தையும் பெரியப்பாவுக்கு அடுத்தடுத்துப் போட்டேன். பெரியப்பா அல்லியாக ஆடும்போது அர்ஜுனன் வேஷம் கட்டியவர் ஓசூருக்கு வேலைக்குப் போனவர், திரும்ப ஆட வரவே இல்லை.

"அந்தப் படகுப் பாட்டை இன்னொருக்கா போடு" என்றார்.

"அதில் ஆட்டமே இல்லையே பெரியப்பா."

"தெரியும். போடு."