தங்க முத்திரை, முதலிடம், யுவ புரஸ்கார்: இளையோர் நாவல் கேள்வி – பதில்

ஆங்கில இளையோர் நாவல்கள் சிலவற்றின் அட்டையில் 'பிரின்ட்ஸ்' என்று தங்க முத்திரை இருக்கிறது, சிலவற்றில் வெள்ளி. எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு இதை நம்பி வாங்கலாமா?
– வாசகி, நாமக்கல்

தங்கம் என்றால் அந்த ஆண்டின் விருது நூல். வெள்ளி, அதற்கு அடுத்த நிலையில் கௌரவம் பெற்றது. கன்சாஸ் மாநிலம் டொபீகா நகரில் பள்ளி நூலகராக இருந்த மைக்கேல் பிரின்ட்ஸின் பெயரில், அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு 2000 முதல் இதை வழங்குகிறது. எழுத்தின் தரம்தான் அளவுகோல். எத்தனை பேர் வாங்கினார்கள், என்ன புத்தி சொல்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது.

ஆனால் 12 வயது முதல் 18 வயது வரை எல்லாம் ஒரே கூடைதான். பெற்றோர் தடுமாறுவது இங்கேதான். முதல் விருது பெற்ற, வால்டர் டீன் மையர்ஸின் 'மான்ஸ்டர்', கொலை வழக்கில் சிக்கிய 16 வயதுப் பையன் தன் கதையைத் திரைக்கதையாகவும் நாட்குறிப்பாகவும் எழுதுவது. அருமையான நூல். சிறைக்குள் நடக்கும் வன்முறையும் அதில் உண்டு. முத்திரையைப் பார்த்துத் தாராளமாக எடுங்கள்; நடுவில் ஒரு இருபது பக்கம் நீங்கள் படித்துவிட்டு மகளிடம் கொடுங்கள். முதல் அத்தியாயத்தை மட்டும் பார்த்தால் போதாது, கனமான காட்சிகள் பெரும்பாலும் பிறகுதான் வரும்.

நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த இளையோர் நாவலையே நீக்கிவிட்டார்களாமே? விற்ற புத்தகத்தை எப்படி நீக்க முடியும்?
– கல்லூரி மாணவர், மதுரை

நடந்தது 2017 ஆகஸ்டில். நாட்டில் விற்ற ஒவ்வொரு பிரதியையும் கூட்டிப் போடுவதல்ல அந்தப் பட்டியல். குறிப்பிட்ட கடைகள் வாராவாரம் அனுப்பும் கணக்கை வைத்துப் பத்திரிகை தயாரிப்பது. எந்தெந்தக் கடை என்று வெளியே சொல்வதில்லை.

அதனால் யாரோ கடை கடையாகப் போன் போட்டு, "உங்கள் கணக்கு டைம்ஸுக்குப் போகிறதா?" என்று முதலில் கேட்டிருக்கிறார்கள். போகிறது என்று சொன்ன கடைகளில் கட்டுக்கட்டாக ஆர்டர். ஒரே வாரத்தில் 18,000 பிரதிகளுக்கு மேல் விற்றதாகக் கணக்கு வந்தது. ஆனால் இளையோர் நாவல்களிலேயே ஊறிய எழுத்தாளர்களும் கடைக்காரர்களும் அந்த நாவலின் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. ட்விட்டரில் ஒருவர் சந்தேகம் கிளப்ப, ஆர்டர் வந்த கடைக்காரர்கள் தங்களுக்கு வந்த அழைப்புகளைப் பற்றிச் சொல்ல, பத்திரிகை நாவலை நீக்கிவிட்டது. ஆஞ்சி தாமஸின் 'தி ஹேட் யூ கிவ்' முதலிடத்துக்கு வந்தது. உழைத்து எழுதியவரின் இடத்தைக் காசு கொடுத்துப் பிடிக்க விடாமல் அந்தக் கடைக்காரர்கள் வாய் திறந்தது பெரிய காரியம்.

மொத்தமாக வாங்கியதாகக் கடைகள் தெரிவித்த நூலின் பெயருக்கு அருகில், பட்டியலில், சின்னக் கத்திக் குறி (†) போடுவார்கள். பட்டியலைப் பார்க்கும்போது அதையும் பாருங்கள்.

பழைய புத்தகக் கடையில் எடுத்த நாவலின் அட்டையில் 'அன்கரெக்டட் ப்ரூஃப், நாட் ஃபார் சேல்' என்று இருக்கிறது. பள்ளி நூலகத்தில் சேர்க்கலாமா?
– பள்ளி நூலகர், விருதுநகர்

வேண்டாம். வெளியீட்டுக்குச் சில மாதம் முன்பு விமர்சகர்கள், நூலகர்கள், கடைக்காரர்களுக்கு இலவசமாக அனுப்பும் முன்பிரதி அது. பின்னட்டையைத் திருப்புங்கள்: வழக்கமான கதைக் குறிப்போடு வெளியீட்டுத் தேதி, விளம்பரத் திட்டம் எல்லாம் அச்சாகியிருக்கும். உள்ளே வரைபடமோ ஓவியமோ வரவேண்டிய பக்கம் காலியாக இருக்கலாம். கடைசித் திருத்தத்துக்கு முந்தையது என்பதால் எழுத்துப் பிழை இருக்கும். வரிகளும், சில சமயம் முடிவும்கூட, வெளிவந்த நூலில் மாறியிருக்கும். பிள்ளைகள் கட்டுரைப் போட்டிக்கு அதிலிருந்து மேற்கோள் எடுத்தால் தவறாகப் போகும். எழுத்தாளருக்கும் இதில் ஒரு பைசா இல்லை. நீங்கள் படித்துப் பாருங்கள்; பிடித்திருந்தால் விலைப் பிரதி வாங்கிப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

யுவ புரஸ்கார் பெற்ற நூலைப் பத்தாம் வகுப்பு மாணவருக்குப் பரிசளிக்கலாமா?
– ஆசிரியை, தஞ்சாவூர்

சாகித்ய அகாதெமி 2011 முதல் வழங்கும் அந்த விருதில் 'யுவ' என்பது எழுதியவரின் வயது, 35-க்குள். படிப்பவரின் வயதல்ல. பெரியவர்களுக்கான கவிதை, சிறுகதை, நாவல் எல்லாம் அதில் வரும். சிறுவர் இலக்கியத்துக்கு 2010 முதல் பால சாகித்ய புரஸ்கார் தனியாக இருக்கிறது. அந்தப் பட்டியலிலிருந்து தேடத் தொடங்குங்கள்.