கல்லூரி அருங்காட்சியகமும் பொதுமக்களும்

அன்புள்ள ஐயா,

கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வரலாற்று ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் கல்லூரியின் சிறிய கலை அருங்காட்சியகத்தில் இரண்டு புலிகுத்திக் கற்களும் பழைய மரச்சிற்பங்களும் சில ஓவியங்களும் உள்ளன. பொதுமக்களுக்காகத் தொடக்க விழாவும் கருத்தரங்கும் சிறப்பாகவே நடத்தினோம். அதன் பிறகு வெளியாட்கள் எவரும் வருவதில்லை. உரைகளையும் சுற்றிக்காட்டலையும் எப்படி அமைத்தால் மக்கள் தொடர்ந்து வருவார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விழாவுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கற்களின் முன் ஐந்து நிமிடம் நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அருங்காட்சியக உரைக்கு மேடையும் பொன்னாடையும் தேவையில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலையைக் குறித்துக்கொண்டு, வருவது மூன்று பேரே ஆனாலும், ஒரே ஒரு பொருளின் முன் நின்று அரை மணி நேரம் தவறாமல் பேசுங்கள்.

புலிகுத்திக் கல்லிலிருந்தே தொடங்கலாம். ஆநிரையைக் காக்கப் புலியோடு பொருது மாண்டவனுக்கு நட்ட கல், கால்நடையை நம்பி வாழ்ந்த கொங்கு நாட்டாருக்கு அந்நியமானதன்று. அறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறும் தேய்ந்த பரப்பாகத் தோன்றிய இடத்தில், பாயும் புலியின் வாலும், அதன் உடலில் இறங்கிய வாளும், வீரனின் ஒருபக்கம் சரிந்த கொண்டையும், எழுத்து இருக்குமானால் அதன் வரிகளும் நிழல் விழுந்து துலங்கும். தேய்ந்த கல்வெட்டைப் படிப்பவர்களும் இந்த முறையைக் கையாளுகிறார்கள். விளக்கை ஒரு பள்ளிச் சிறுவனிடம் கொடுத்து அவனையே தேடச் சொன்னால், அடுத்த மாதம் அவன் தன் அப்பாருவையும் கூட்டி வருவான். இத்தகைய கற்களுக்குப் பல ஊர்களில் இன்றும் பொங்கல் வைத்து வழிபடுகிறார்கள். ஆகவே, கல் எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊர்ப் பெரியவர்களை முதல் உரைக்கே அழைத்து, அவர்களைப் பேசவிட்டு நீங்கள் கேளுங்கள்.

பேராசிரியர்களை மட்டும் நம்ப வேண்டாம். திருமுருகன்பூண்டியில் சிற்பக்கூடங்கள் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு சிற்பி உளியோடு வந்து, எந்தத் தடம் எந்த உளியால் விழுந்தது என்று காட்டுவதற்கு ஈடான உரையை நம்மால் ஆற்ற முடியாது.

சுற்றிக்காட்டும் பொறுப்பை மாணவர்களிடம் விடுங்கள். அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரி அருங்காட்சியகம், 1940-களில் தொடங்கிய ஓர் ஏற்பாட்டின்படி, மூல ஓவியங்களையே சிறு வாடகைக்கு மாணவர்களிடம் கொடுத்து, பருவம் முழுக்க அவர்கள் தம் அறையில் மாட்டிக்கொள்ள அனுமதிக்கிறது. நாம் கல்லையும் சிற்பத்தையும் விடுதிக்குக் கொடுத்தனுப்ப முடியாதுதான். ஆனால் ஒரு மாணவிக்கு ஒரு பொருள் என்று ஓராண்டுக்கு ஒப்படைத்து, அதை வரையவும் அளக்கவும் அதன் ஊருக்குப் போய் விசாரிக்கவும் செய்யலாம். மனப்பாடம் செய்த குறிப்பை ஒப்பிப்பவளுக்கும் அப்படிப் பழகியவளுக்கும் உள்ள வேறுபாட்டை வருகிறவர்கள் உடனே உணர்வார்கள். ஒரு சுற்றுக்கு நான்கைந்து பொருள்களுக்கு மேல் காட்ட வேண்டாம்.

கடைசியாக, கல்லூரியின் வாயிற்கதவு. “யாரைப் பார்க்கணும்?” என்ற கேள்விக்கு விடை தெரியாமல் திரும்பிப் போனவர்கள் பலர் இருப்பார்கள். சாலையில் தெரியும்படி நாளும் நேரமும் எழுதிய பலகை ஒன்றை வையுங்கள். முதல் சுற்றிக்காட்டலைக் காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் நடத்துங்கள். கல்லைப் பார்த்த காவலாளி, வருகிறவருக்கு வழிகாட்டுவார்.